உஸ்ஸே கோட்டையில் தூங்கினாளா இளவரசி?

ஏப்ரல் 4 – ஒரு வாசகரின் கேள்வி

அக்கா, ஜூலையில் குடும்பத்தோடு பிரான்ஸ் வருகிறோம். பிள்ளைகளுக்கு ஏழு வயது, பத்து வயது. லுவார் ஆற்றுப் பக்கத்தில் உஸ்ஸே என்று ஒரு கோட்டை இருக்கிறதாம். தூங்கும் அழகி கதை நடந்தது அங்கேதான், பெரோ அங்கே தங்கித்தான் எழுதினார் என்று ஒரு பயணப் பக்கத்தில் படித்தேன். கதை நடந்த கோட்டைகளாகவே பார்த்து ஒரு வாரம் சுற்ற ஆசை. இதில் எது உண்மை, எது டிக்கெட் விற்கும் பேச்சு?

ஏப்ரல் 4, இரவு

உஸ்ஸேக்குப் போங்கள். பார்க்க வேண்டிய இடம்தான். வெள்ளைச் சுண்ணக்கல் சுவர், கருநீல சிலேட்டுக் கூரை, கூம்புக் கூம்பாகக் கோபுரங்கள், பின்னால் ஷினோன் காடு, முன்னால் ஆந்த்ர் ஆறு. பாலத்தில் நின்று பார்த்தால் இந்தக் கதைக்கு இதைவிட்டு வேறு கோட்டை எதற்கு என்றுதான் தோன்றும்.

ஆனால் ‘கதை நடந்த இடம்’ என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். ஷார்ல் பெரோவின் தேவதைக்கதைத் தொகுப்பு 1697ல் வந்தது. மொத்தம் எட்டுக் கதைகள், முதல் கதையே தூங்கும் அழகி. அதில் பிரான்சின் எந்த ஊர்ப் பெயரும் கிடையாது. பெயரோடு வரும் ஒரே நாடு மாத்தாகேன், அதுவும் பன்னிரண்டாயிரம் லீக் தூரத்தில் இருக்கும் கற்பனை தேசம். பெரோ 1628ல் பாரிஸில் பிறந்து 1703ல் பாரிஸிலேயே இறந்தவர். அவருடைய உத்தியோகம், சண்டை, சிநேகம் எல்லாம் அரசவையைச் சுற்றித்தான். கதைகூட அவர் கற்பனையில் முளைத்ததல்ல. நேப்பிள்ஸ்காரர் பசீலே சொன்ன தாலியாவின் கதை 1630களிலேயே அச்சில் இருந்தது.

ஏப்ரல் 5

நேற்று எழுதிய பிறகு கதையை மறுபடி எடுத்துப் படித்தேன். சொல்ல நிறைய இருக்கிறது.

சாபத்தால் இளவரசி நூறு வருடம் தூங்கும் கோட்டையைச் சுற்றியிருக்கும் முள்காடு வழிவிட, இளவரசன் உள்ளே போகிறான். முதலில் பளிங்கு பாவிய பெரிய முற்றம். அடுத்து மாடிப்படி. அப்புறம் காவலர் கூடம், அங்கே துப்பாக்கியைத் தோளில் சாய்த்தபடி வரிசையாக நின்று குறட்டை விடும் வீரர்கள். இளவரசி விழித்ததும் இருவரும் கண்ணாடிகள் பதித்த கூடத்தில் உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். வயலினும் ஓபோ என்ற குழலும் வாசிக்கிறார்கள், நூறு வருடமாக யாரும் வாசிக்காத பழைய மெட்டுகள்.

பளிங்கு முற்றம், காவலர் கூடம், கண்ணாடிக் கூடம். இந்த மூன்றையும் இன்றைக்கு நடந்து பார்க்கக்கூடிய இடம் பாரிஸ் பக்கத்து அரச மாளிகையான வெர்சாய்! அங்கே பழைய கட்டடத்தின் முன்முற்றத்துக்குப் பெயரே பளிங்கு முற்றம். கண்ணாடிக் கூடத்தின் வேலை 1678ல் தொடங்கி 1684ல் முடிந்தது. 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடிகள். அந்த வருடங்களில் பெரோ என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? பதினான்காம் லூயியின் மந்திரி கொல்பேரின் கீழ் அரசக் கட்டடத் துறையில் இருந்தார். 1663 வாக்கில் சேர்ந்து, ஏறக்குறைய இருபது வருடம் அந்த வேலைதான். கட்டட வரைபடமும் பணக்கணக்கும் தினமும் பார்த்த மனிதர் அவர்.

அதனால் என் கட்சி இதுதான்: பெரோவின் கதைகளைத் தேடுகிறவர்கள் முதலில் போக வேண்டியது வெர்சாய். கூம்புக் கோபுரம் அதற்கு அப்புறம்.

ஏப்ரல் 5, மாலை

கண்ணாடி விஷயத்தில் இன்னும் கொஞ்சம். சிண்ட்ரெல்லாவின் மாற்றாந்தாய் மகள்களின் அறையில் தலை முதல் கால்வரை தெரியும் கண்ணாடி இருக்கிறது என்று பெரோ குறிப்பாகச் சொல்கிறார். பெரோவின் இன்னொரு கதையில் நீலத்தாடியின் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளும் அதே மாதிரி ஆளுயரக் கண்ணாடியைப் பார்த்துத்தான் வாய் பிளக்கிறார்கள். இன்றைக்கு நமக்குச் சாதாரணம். அன்றைக்கு நல்ல கண்ணாடி என்றால் வெனிஸிலிருந்துதான் வர வேண்டும். அதை உடைக்கத்தான் கொல்பேர் 1665ல் அரசு ஆதரவில் ஒரு கண்ணாடி ஆலையைத் தொடங்கி வைத்தார். அதன் வழிவந்த நிறுவனம்தான் இப்போது ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி செய்யும் செயின்ட் கோபைன். சிண்ட்ரெல்லா வீட்டுக் கண்ணாடிக்கும் நம் ஊர் ஜன்னலுக்கும் இப்படி ஒரு உறவு இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

விருந்தில் இளவரசன் சிண்ட்ரெல்லாவுக்கு என்ன கொடுக்கிறான்? ஆரஞ்சும் எலுமிச்சையும். பாரிஸ் குளிரில் ஆரஞ்சு வளர்க்கத் தனிக் கட்டடமே வேண்டும். வெர்சாயில் அந்த ஆரஞ்சுக் கொட்டகை இன்னும் நிற்கிறது. கோடையில் மரங்களைப் பெட்டியோடு வெளியே கொண்டுவந்து வரிசையாக வைத்திருப்பார்கள். ஜூலையில் நீங்களே பார்க்கலாம்.

ஏப்ரல் 7

ஒருவர் மறுத்து எழுதியிருக்கிறார்: “கதையில் கோபுரம் வருகிறதே, வெர்சாயில் ஏது கோபுரம்?” நியாயமான கேள்வி. காட்டுக்கு மேலே கோபுர உச்சி மட்டும் தூரத்தில் தெரிகிறது என்று கதையில் இருக்கிறது. இளவரசி கதிர் குத்தி விழுவதும் பழைய கோபுரம் ஒன்றின் உச்சியில், ஒரு கிழவி தனியாக நூல் நூற்கும் சின்ன அறையில்தான்.

இதை யோசித்தபோது என் கட்சி இன்னும் கொஞ்சம் தெளிவாகிறது. கோபுரம் பழைய காலம். சாபம் காத்திருப்பது அங்கே. கீழே இருக்கும் முற்றமும் கூடமும் பெரோவின் சொந்தக் காலம். கதையே இரண்டு காலம் மோதிக்கொள்ளும் கதைதானே. விழித்தெழுந்த இளவரசி பாட்டி காலத்து உடையில், கழுத்தைச் சுற்றி விறைப்பான உயரக் காலரோடு இருக்கிறாள். இளவரசன் அதைக் கவனித்தும் வாய் திறக்கவில்லை. நல்ல பிள்ளை!

உஸ்ஸேயிலும் இந்த இரண்டு காலமும் உண்டு என்று சொல்ல வேண்டும். கோபுரங்கள் 15ஆம் நூற்றாண்டு, தோட்டத்துப் படிமேடைகள் 17ஆம் நூற்றாண்டு. அந்த வகையில் அது கதைக்குப் பொருத்தமான வீடுதான்.

ஏப்ரல் 8

“சரி, நம் மனதில் இருக்கும் தேவதைக்கதைக் கோட்டை எங்கிருந்து வந்தது?” என்று இன்னொருவர். எனக்குப் பிடித்த கேள்வி.

பாரிஸுக்கு வடக்கே கொம்பியேன் காட்டோரத்தில் பியர்ஃபோன் இருக்கிறது. 1400ஐ ஒட்டி ஒர்லேயான் பிரபு கட்டிய கோட்டை. 1617ல் அரசர் ஆணைப்படி இடித்தார்கள். இருநூறு வருடத்துக்கும் மேலாக இடிபாடாகவே கிடந்தது. 1857ல் மூன்றாம் நெப்போலியனுக்காக வியோலே-ல-துக் என்ற கட்டடக் கலைஞர் அதைத் திரும்பக் கட்டத் தொடங்கினார். இருந்ததைச் சீர் செய்ததோடு அவர் நிற்கவில்லை. மத்தியகாலக் கோட்டை எப்படி இருந்திருக்க வேண்டும் என்று தான் நினைத்தாரோ அப்படியே கட்டினார். கூரையின் விளிம்பில் விதவிதமான கல் விலங்குகள், உள்ளே பளீரென்ற வண்ணச் சுவர்கள். 1879ல் அவர் இறந்தபோதும் வேலை முடியவில்லை.

1867ல் அதைப் பார்க்க வந்த விருந்தாளி பவேரியாவின் இளம் அரசர் இரண்டாம் லுட்விக். ஊர் திரும்பி 1869ல் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு அடிக்கல் நாட்டினார். 1955ல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறந்தபோது அதன் கோட்டைக்கு நொய்ஷ்வான்ஸ்டைன் முன்மாதிரி. 1992ல் டிஸ்னிலாந்து பாரிஸுக்கு வந்தது. பியர்ஃபோனிலிருந்து கிளம்பிய கற்பனை ஒரு நூற்றாண்டுக்கும் மேல் சுற்றிவிட்டு, கிளம்பிய இடத்துக்கு இரண்டு மணி நேரத் தூரத்தில் வந்து இறங்கியிருக்கிறது.

அதே லுட்விக்தான் பவேரியாவின் ஹெரன்கீம்சே மாளிகையில் வெர்சாயின் கண்ணாடிக் கூடத்தையும் பிரதி எடுத்துக் கட்டினார். பெரோவின் கதையில் இருக்கும் கோபுரம், கண்ணாடி இரண்டுமே அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது.

ஏப்ரல் 8, இரவு

சேர்க்க மறந்தது: பியர்ஃபோனுக்குப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். கொம்பியேன்வரை ரயில், அங்கிருந்து பஸ். பஸ் குறைவு, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 11

உஸ்ஸே அனுபவம் கேட்டீர்கள். அக்கா மகளோடு போனேன், அப்போது அவளுக்கு எட்டு வயது. கோபுரத்தின் காவல்நடை வழியாக ஏறினால் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் கதையின் ஒரு காட்சி, ஆளுயரப் பொம்மைகளாக: தொட்டில், தேவதைகள், நூற்கும் கிழவி, கட்டிலில் இளவரசி. வாசலில் நின்றுதான் பார்க்க வேண்டும், உள்ளே போக விடமாட்டார்கள். படி குறுகல், தலை குனிந்து ஏறும் இடமும் உண்டு. பொம்மைகள் பழசு. பெரியவர்கள் பலர் அரை நிமிடத்தில் கடந்து போனார்கள். அவளோ கிழவியின் அறை வாசலை விட்டு நகரவே இல்லை. “இந்தப் பாட்டிக்குச் சாபம் பற்றித் தெரியாதா?” என்று கேட்டாள்.

தெரியாது! கதையில் அது தெளிவாக இருக்கிறது. அரசர் கதிர்களைத் தடை செய்த செய்தியே அந்தக் கிழவியின் காதுக்கு எட்டவில்லை, நல்ல மனதோடு நூற்றுக்கொண்டிருந்தாள் என்கிறார் பெரோ. சாபம் கொடுத்தவள் வேறு, கதிரை நீட்டியவள் வேறு. அந்தக் கோபுரத்தில் ஏறாமல் இருந்திருந்தால் குழந்தைக்கு இந்தக் கேள்வி வந்திருக்காது. எனக்கும் அந்தக் கிழவியைப் பற்றித் தோன்றியிருக்காது. அதனால்தான் ‘டிக்கெட் விற்கும் பேச்சு’ என்று உஸ்ஸேயைத் தள்ள எனக்கு மனமில்லை. கதையின் சொந்த வீடு என்று சொல்ல முடியாது, கதையை நடந்து பார்க்க நல்ல இடம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

போக்குவரத்து கடினம். கார் இல்லாமல் போவதானால் லாங்ஜே அல்லது அசே-ல-ரிதோ ரயில் நிலையத்தில் இறங்கி டாக்சி பிடிக்க வேண்டும். முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் டாக்சி கிடைக்காது. எங்களுக்குத் திரும்பும் வண்டி வராமல் சாயங்காலம் முழுக்கச் சாலையோரம் நின்றோம்.

ஏப்ரல் 12

நீலத்தாடி கோட்டையைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு.

வான்தே பகுதியில் திஃபோஜ் என்று ஒரு இடிந்த கோட்டை. நீலத்தாடியின் கோட்டை என்றே விளம்பரம். அதன் உடைமையாளர் ஜில் த ரே. ஜோன் ஆஃப் ஆர்க்கோடு சேர்ந்து போரிட்டவர், 1429ல் பிரான்சின் மார்ஷல். பிறகு குழந்தைகளைக் கொன்ற குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டு 1440 அக்டோபரில் நாந்த் நகரில் தூக்கிலிடப்பட்டார். விசாரணைப் பதிவுகள் இருக்கின்றன, பெற்றோர்களின் வாக்குமூலங்களும் அதில் இருக்கின்றன.

பெரோவின் நீலத்தாடி மனைவிகளைக் கொல்கிறவன். பூட்டிய அறை, ரத்தக்கறை போகாத சாவி, கோபுரத்தில் ஏறி வழி பார்க்கும் அக்கா ஆன். ஜில் த ரேயின் வழக்கில் இதில் ஒன்றும் இல்லை. இரண்டையும் ஒட்டிவைத்தது ஊர்ப் பேச்சு. கதையோடு இன்னும் நெருக்கமாகப் பொருந்துவது வடமேற்கு பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் சொல்லும் கொனோமோர், புனித திரெஃபின் கதை. மனைவிகளைக் கொன்றவன் என்று பெயர் வாங்கியவன் கொனோமோர்தான்.

நான் திஃபோஜ் போயிருக்கிறேன். கல்லெறியும் பழைய போர் எந்திரங்களை இயக்கிக் காட்டுகிறார்கள், பையன்களுக்குக் கொண்டாட்டம். அதற்காகப் போவதென்றால் போகலாம். ஆனால் நிஜமாகச் செத்துப்போன பிள்ளைகளின் மேல் தேவதைக்கதைப் பெயர்ப்பலகை மாட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, வாசலில் காத்திருந்த அம்மா இருந்தாள். ஏழு வயதுக் குழந்தையிடம் இது நீலத்தாடி வீடு என்று சொல்லாதீர்கள்.

ஏப்ரல் 14

இப்போது நேர்மாறான ஒன்று. கதை நிஜமாகவே ஒரு கோட்டைக்குச் சொந்தமாக இருப்பது லுசிஞானில். அங்கே போனால் கோட்டை இருக்காது.

ப்வாத்தியே நகரிலிருந்து சின்ன ரயில் பயணம். மெலுசீனின் ஊர். கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வேட்டைக்குப் போன இடத்தில் கைத்தவறாக மாமனைக் கொன்றுவிட்டு அலைகிறான் ரேமோன்தேன். காட்டு ஊற்றருகே மெலுசீனைச் சந்திக்கிறான். ஒரே நிபந்தனை: சனிக்கிழமை மட்டும் என்னைப் பார்க்கக் கூடாது. கல்யாணம் ஆகிறது. அவள் எங்கிருந்தோ வேலையாட்களை வரவழைத்து லுசிஞான் கோட்டையை மளமளவென்று கட்டி எழுப்புகிறாள். பிள்ளைகள் பிறக்கிறார்கள், வம்சம் பெருகுகிறது. ஒரு சனிக்கிழமை அவன் கதவில் துளை போட்டுப் பார்க்கிறான். குளியல் தொட்டியில் மனைவி, இடுப்புக்குக் கீழே பாம்பு வால்.

எல்லோரும் இதோடு நிறுத்துவார்கள். கதை இதோடு நிற்கவில்லை. அவன் பார்த்தது தெரிந்தும் அவள் பொறுத்துக்கொள்கிறாள். மகன் ஒருவன் மயேஸே மடத்தைக் கொளுத்திய செய்தி வந்த நாளில், ஆத்திரத்தில் ரேமோன்தேன் எல்லோர் முன்னாலும் அவளைப் பாம்பே என்று திட்டிவிடுகிறான். அப்போதுதான் அவள் போகிறாள். ஜன்னல் வழியாக, சிறகு முளைத்த பெரும் பாம்பாகக் கோபுரத்தைச் சுற்றிப் பறந்து போகிறாள். கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுக்க மட்டும் ராத்திரி திரும்பி வந்தாளாம். அவன் ஒளிந்து பார்த்ததைப் பொறுத்தவள், ஊர் முன்னால் சொன்னதைப் பொறுக்கவில்லை. அறுநூறு வருடத்துக்கு முந்திய எழுத்தில் கணவன் மனைவி பற்றி இவ்வளவு துல்லியமாக ஒன்றை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இதை எழுதியவர் ழான் தராஸ், 1393ல், பெரி என்ற பிரதேசத்துப் பிரபுவுக்காக. அந்தப் பிரபு லுசிஞானை ஆங்கிலேயர்களிடமிருந்து 1374ல் பிடித்தவர். இந்த ஊரும் கோட்டையும் எனக்கு உரிமை என்று சொல்ல அவருக்கு ஒரு பழங்கதை தேவைப்பட்டது. உஸ்ஸேக்குக் கதை பிறகு வந்து சேர்ந்தது. லுசிஞானுக்கோ கோட்டைக்காகவே கதை எழுதினார்கள்.

கோட்டையை 16ஆம் நூற்றாண்டின் மதப்போர்களில் இடித்துவிட்டார்கள். இப்போது மேட்டின் மேல் மரநிழலில் நடைபாதை, அங்கங்கே அடிச்சுவர். பழைய தேவாலயம் மட்டும் கம்பீரமாக நிற்கிறது. கடைக்காரம்மா ஒருவரிடம் “கோட்டை எங்கே?” என்று கேட்டேன். “அவள் கட்டினாள், நாங்கள் இடித்தோம்” என்றார். நேற்று நடந்த மாதிரி சொன்னார்!

ஏப்ரல் 15

லுசிஞான் கோட்டை எப்படி இருந்தது என்று பார்க்க வழி உண்டு. அதே பெரி பிரபுவுக்காக லிம்பூர்க் சகோதரர்கள் தீட்டிய ஜெபச்சுவடியில் மார்ச் மாதப் பக்கம் லுசிஞான்தான். முன்னால் உழவன் ஏர் ஓட்டுகிறான், பின்னால் கோட்டை, வலப்பக்கக் கோபுரத்தின் மேல் தங்க நிறத்தில் மெலுசீன் பறக்கிறாள். செப்டம்பர் பக்கத்தில் சோமூர் கோட்டை, இன்றைக்கும் லுவார் கரையில் நிற்கிறது.

சுவடி பாரிஸுக்கு வடக்கே ஷாந்தியி கோட்டையில் இருக்கிறது. மூலத்தை அபூர்வமாகத்தான் வெளியே எடுப்பார்கள், பிரதியைப் பார்க்கலாம். பாரிஸ் வட நிலையத்திலிருந்து அரைமணி நேரம் போதும்.

ஏப்ரல் 19

பாக்கிக் கேள்விகளுக்கு வரிசை இல்லாமல் பதில்.

ஷாம்போர்: கதை ஒன்றும் இல்லை. 1519ல் முதலாம் ஃபிரான்சுவா தொடங்கியது. இரட்டைச் சுருள் படிக்கட்டுக்காகப் போங்கள். ஒரு பிள்ளை ஒரு சுருளில் ஏற, மற்றது இன்னொன்றில் இறங்கட்டும். நடு ஓட்டை வழியாக ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்துவார்களே தவிர, வழியில் சந்திக்கவே மாட்டார்கள்.

பூட்ஸ் போட்ட பூனை: பெரோவின் இந்தக் கதையில் வரும் கராபாஸ் பிரபு என்ற பெயர், உவாரோன் மாளிகைக்காரர் குளோத் கூஃபியேயிடமிருந்து வந்தது என்பார்கள். அவர் கராவாஸ் பட்டம் வைத்திருந்தவர். நம்ப ஆசைதான். இப்போது அங்கே இருப்பது நவீன கலைப் பொருட்கள்.

அழகியும் மிருகமும்: பெரோ எழுதியதில்லை. 1740ல் மதாம் த வில்னேவ் எழுதி, 1756ல் மதாம் லப்ரேன்ஸ் த போமோன் சுருக்கிய கதை.

ப்ளெஸி-பூரே: ஆன்ஜே நகரின் பக்கம், அகழியின் நடுவில். காவலர் கூடத்தின் மரக்கூரையைப் பாருங்கள். ஷிஷ்ஃபாஸ் என்ற எலும்பும் தோலுமான ஓநாய் வரைந்திருக்கும். கணவன் சொல் தட்டாத மனைவிகளை மட்டுமே தின்னுமாம், அதனால்தான் பட்டினி.

ஷெனோன்சோ: கதை இல்லை, ஆனால் மாடியில் கறுப்பு அறை ஒன்று உண்டு. 1589ல் மூன்றாம் ஹென்றி கொல்லப்பட்ட பிறகு அவர் மனைவி லூயிஸ் இருந்த அறை. கறுப்புச் சுவரில் வெள்ளியில் கண்ணீர்த்துளிகள். வெளியே அவ்வளவு கூட்டம் இருந்தும் அந்த அறையில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. ரயிலும் வாசல்வரை போகிறது.

ஏப்ரல் 20

முதலில் கேட்டவருக்கு. ஏழு நாளும் கோட்டை என்றால் பிள்ளைகள் நாலாம் நாள் போர்க்கொடி தூக்குவார்கள். நான் இப்படிச் செய்வேன்.

பாரிஸில் துயிலெரி தோட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள். அங்கே பெரோவுக்குச் சிலை இருக்கிறது, கூடவே பூட்ஸ் போட்ட பூனையும். தோட்டத்தைப் புதுப்பித்தபோது பொதுமக்களை உள்ளே விட வேண்டாம் என்று கொல்பேர் நினைத்தாராம். எல்லோருக்கும் திறந்தே இருக்கட்டும் என்று வாதாடி ஒப்புக்கொள்ள வைத்ததைப் பெரோ தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். குழந்தைகள் ஓடி விளையாட இடம், டிக்கெட்டும் கிடையாது.

அடுத்த நாள் வெர்சாய். திங்கள் மூடியிருக்கும். முற்றம், காவலர் கூடம், கண்ணாடிக் கூடம் என்று கதையின் வரிசையிலேயே நடங்கள். தோட்டத்தில் ராணித் தோப்பு என்று ஒரு இடம், அங்கேதான் ஒரு காலத்தில் புதிர்ப்பாதை இருந்தது. 39 நீரூற்றுகள், ஒவ்வொன்றும் ஈசாப்பின் ஒரு கதை, விலங்குகளின் வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். ஈசாப் கதைகளை வைக்கலாம் என்று யோசனை சொன்னவரும் அதற்கு வழிகாட்டி நூல் எழுதியவரும் பெரோதான். 1770களில் அழித்துவிட்டார்கள். வெர்சாயில் எனக்கு ஆறாத இழப்பு அது ஒன்றுதான்.

அப்புறம் பியர்ஃபோன் ஒரு நாள். லுவாரில் மூன்று நாள்: உஸ்ஸே, ஷாம்போர், ஷெனோன்சோ. கார் எடுத்தால் லுசிஞானும் முடியும். பாரிஸிலேயே தங்குவதானால் லுவாருக்குப் பதில் ஷெவ்ரூஸ் பள்ளத்தாக்கின் ப்ரத்தோய் மாளிகை. பெரோவின் கதைகளை மெழுகுப் பொம்மைகளாக வைத்திருக்கிறார்கள், கதை சொல்லும் நிகழ்ச்சியும் உண்டு.

ஏப்ரல் 22

“முத்தம் எங்கே?” என்று கடைசியாக ஒரு கேள்வி. பெரோவில் முத்தம் கிடையாது. இளவரசன் நடுங்கிக்கொண்டே மண்டியிடுகிறான், நூறு வருடம் முடிந்ததால் அவளே விழிக்கிறாள். “நீங்கள்தானா? ரொம்பக் காக்க வைத்துவிட்டீர்கள்” என்கிறாள். முத்தம் 1812ல் கிரிம் சகோதரர்களின் கதையில் இருக்கிறது.

கதை அங்கே முடியவும் இல்லை. இளவரசனின் அம்மா அரக்கி. பேத்தியை ரொபேர் சாஸில், அதாவது வெங்காயமும் கடுகும் போட்ட குழம்பில், சமைக்கச் சொல்கிறாள். சமையல் பொறுப்பாளர் பரிதாபப்பட்டு ஆட்டுக்குட்டியை வைத்துச் சமாளிக்கிறார். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம். ஏழு வயதுக்கு, உஸ்ஸே கோபுரத்திலிருந்து இறங்கி வெளிச்சத்துக்கு வந்த பிறகு சொல்லுங்கள். ஜூலையில் வந்ததும் எழுதுங்கள், அந்த வாரம் எனக்கு லீவு கிடைத்தால் வெர்சாய்க்கு நானும் வருகிறேன்.